மைதானத்தில் மஞ்சள் சிவந்த ஞாயிறு

இதை எழுதுவதா, விடுவதா என்று ஆறேழு வருடமாக யோசித்திருக்கிறேன். இரண்டு தரம் கொப்பியில் தொடங்கினேன். இரண்டு தரமும் முதல் பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊருக்குக் கடிதம் எழுதுவேன், கோயில் திருவிழா நோட்டீஸ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. அதைவிடப் பெரிய காரணம் வெட்கம். நடந்தது என்னுடைய பிழை. அதுவும் ஒரு தமிழன் விடக்கூடாத பிழை.

போன தைப்பூசத்துக்குப் பேர்ண் நகரத்துக் கோயிலுக்குப் போயிருந்தோம். பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கிறேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஊஸ்டர்ப் பக்கம் ஒரு தமிழ் ஆள் அண்ணை, மைதானம் முழுக்கக் குங்குமத்தைக் கொட்டி வைச்சவராம். அண்டைக்கு அம்மன் இறங்கி, தோத்துக்கொண்டு கிடந்த வெள்ளைக்காரப் பெடியள் ஐம்பது கோல் அடிச்சவங்களாம்."

"கோல் இல்லையடா. அது கையில தூக்கிக்கொண்டு ஓடுற விளையாட்டு."

"என்னவோ ஒண்டு. எதிராளியளின்ர காற்சட்டை எல்லாம் தன்ர பாட்டில சிவந்து போச்சாம். அம்மன்ர கோவம்."

என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. "தம்பி, அது குங்குமம் இல்லை" என்றேன்.

"ஏன், நீங்கள் பார்த்தனீங்களோ?"

"ஓம், பார்த்தனான்."

"அப்ப சொல்லுங்கோ, அம்மன் வந்தது உண்மைதானே?"

அதற்குள் வரிசை நகர்ந்து எங்கள் தட்டில் சோறு விழுந்துவிட்டது. திரும்பி வரும் ரயிலில் என் மனைவி தவமணி சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனாள். "இனியும் நீங்கள் எழுதாட்டி, வாற வருசம் உங்களையே அம்மனாக்கிப் போடுவாங்கள்" என்றாள்.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. நான் வேலை செய்த மைதானத்துக்குப் புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டார்கள். சின்ன வண்டி. ஆள் தேவையில்லை. வானத்தில் சுற்றுகிற செய்மதியைப் பார்த்துத் தானே ஓடி, தானே கோடு கீறுகிறது. "முந்தி இதை நீங்கள் கையாலேயா கீறினீர்கள்?" என்று கேட்டார்கள். ஓம், கையால்தான். அந்தக் கையைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும்.

நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. முதலில் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். நாலு குளிர்காலம், மூன்று கோடை. மரக்கறிப் பெட்டிகளில் எழுதியிருந்த பெயர்களை வாசித்துத்தான் டொச் என்கிற ஜெர்மன் பாஷை பழகினேன். பிறகு கலியாணம், பிள்ளைகள், ஊஸ்டருக்குப் பக்கத்தில் வீடு. அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊராட்சியின் விளையாட்டு மைதானத்தில் வேலை கிடைத்தது. முதல் வருடம் கூட்டுகிற தும்புத்தடி, அடுத்த வருடம் புல் வெட்டும் வண்டி, மூன்றாம் வருடம் கோடு கீறுகிற வண்டி. ஓய்வு பெறும் வரைக்கும் இருபத்திரண்டு வருடம் அங்கேதான். முருகன் தந்த வேலை என்று இன்றைக்கும் சொல்வேன்.

என் மேலாளர் ஹெர் ஹூபர். ஹெர் என்றால் இங்கே திரு. மைதானத்துக்குப் பொறுப்பானவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், உயரம், மெலிவு, கதை குறைவு. ஒரு வசனத்தில் மூன்று சொல்லுக்கு மேல் அவர் செலவழிக்க மாட்டார். நல்லாயிருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய பெரிய பாராட்டு "சரிதான்" என்பது.

காலை ஏழு மணிக்கு அவர் மைதானத்தைச் சுற்றி வருவார். மழை பெய்த அடுத்த நாள் என்றால் அந்தச் சுற்றைப் பார்க்க வேண்டும். முதலில் சப்பாத்துக் குதியால் மண்ணை அமத்துவார். பிறகு குந்தியிருந்து உள்ளங்கையைப் புல்லில் வைப்பார், காய்ச்சல்காரனின் நெற்றியில் வைக்கிற மாதிரி. பிறகு காற்சட்டைப் பையிலிருந்து மடிக்கும் கத்தியை எடுத்து, பெரிய அலகை விரித்து, ஒரு விரலால் மட்டும் அமத்துவார். பாதி அலகுக்கு மேல் இறங்கினால் அன்று மைதானம் பூட்டு. உதைபந்தாட்டக் கழகத் தலைவர் வந்து கெஞ்சினாலும் பூட்டுத்தான். ஒன்பது மணிக்கு எங்களுக்குத் தேநீர் இடைவேளை. அதே கத்தியை ஈரத்துணியால் மூன்று தரம் துடைத்து, அதே கத்தியால் அப்பிள் வெட்டிப் பாதியை எனக்குத் தருவார். அவர் ஓய்வு பெறும் வரைக்கும் பதினாலு வருடம் அந்தப் பாதி அப்பிளைச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஊரில் சண்டை முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த ஒரு இளவேனிலில்தான் அந்தப் பெடியள் வந்தார்கள். பக்கத்துத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள். அமெரிக்கன் ஃபுட்போல் அணி ஒன்று தொடங்கியிருந்தார்கள். விளையாட இடமில்லை. இதற்கு முதல் ஒரு விவசாயியின் தரிசு நிலத்தில் பயிற்சி செய்தார்களாம். அந்த மனிதர் மாடு விட்டதும் அதுவும் போயிற்று. தங்கள் அணிக்கு அவர்கள் வைத்த பெயர் முர்மெலி. மலையில் வளை தோண்டிக் குளிர்காலம் முழுக்க நித்திரை கொள்கிற கொழுத்த பிராணி அது.

ஹெர் ஹூபர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "தோண்டுகிற பிராணி. என் புல்லில்" என்றார். அவ்வளவுதான்.

ஊராட்சியின் விளையாட்டுக் குழு கூடி அவர்களுக்கு ஒரு பருவம் மட்டும் பரீட்சார்த்தமாக இடம் கொடுத்தது. ஐந்து ஆட்டம். நிபந்தனை மூன்று. புல் பழுதாகக் கூடாது. உதைபந்தாட்டக் கோடுகள் வெள்ளை என்பதால் இவர்களுடைய கோடு வெள்ளையாக இருக்கக் கூடாது, மஞ்சளாக இருக்க வேண்டும். மூன்றாவது, யாரிடமிருந்தும் எழுத்தில் ஒரு முறைப்பாடும் வரக்கூடாது. வந்தால் அடுத்த வருடம் இடமில்லை. இடமில்லாவிட்டால் அணியும் இல்லை. மொத்தமே இருபத்திரண்டு பேர்தான். கலைந்தால் திரும்பச் சேர மாட்டார்கள்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன் எங்கள் அகிலன். மன்னார்க் குடும்பத்துப் பெடியன், இங்கேயே பிறந்தவன், கதவு மாதிரி அகலம். முதல் நாளே என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.

"அங்கிள், நீங்கள் தமிழோ? கடவுளே, இனி என்னைத் தமிழில ஏசவும் ஒரு ஆள் இருக்குது."

"நீ எதில விளையாடுறாய்?"

"நான் விளையாடுறேல்லை அங்கிள். குறுக்க நிக்கிறன். வாறவன் என்னில முட்டி விழுவான். அதான் என்ர வேலை."

விளையாட்டை எனக்கு விளங்கப்படுத்தியவனும் அவன்தான். பந்து நீள்முட்டை வடிவம். கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். பத்து யார், அதாவது பத்துக் கெஜம், முன்னேறுவதற்கு நாலு தடவை வாய்ப்பு. முன்னேறினார்களா இல்லையா என்று இரண்டு தடிகளுக்கு நடுவே கட்டிய சங்கிலியால் அளப்பார்கள். ஒரு விரலளவில் ஆட்டம் மாறிப்போகும். ஆகவே கோடு பிசகக் கூடாது.

கோடு என்றால் ஒன்றிரண்டு அல்ல. ஐந்து யாருக்கு ஒரு கோடு, மொத்தம் இருபத்தொன்று. இரண்டு அந்தத்திலும் இன்னும் ஒவ்வொன்று. இடையில் சீப்புப் பல் மாதிரிச் சின்னச் சின்னக் குறிகள். பிறகு தகட்டு அச்சு வைத்து இலக்கங்கள். ஐந்து யார் என்பது நாலு மீற்றர் ஐம்பத்தேழு. நான் நைலோன் கயிறு ஒன்றை எடுத்து, இடைவெளி அளந்து, தவமணியின் பழைய சேலைக் கரையைக் கிழித்து அடையாளம் கட்டினேன். முதல் தரம் ஏழு சென்ரிமீற்றர் என்ன பெரிய காரியம் என்று நாலரை மீற்றருக்கே கட்டிவிட்டேன். கீறி முடித்தபோது மைதானத்தின் கடைசியில் ஒன்றரை மீற்றர்ப் புல் மிஞ்சிக் கிடந்தது.

ஹெர் ஹூபர் வந்து அந்த மிச்சத்தில் நின்றார். "இது யாருடைய நிலம்?" என்றார்.

முழுவதையும் வெட்டி அழித்துத் திரும்பக் கீறினேன். அன்று பிற்பகல் வந்து கோடு முழுவதும் நடந்து பார்த்து "சரிதான்" என்றார். வீட்டுக்குப் போய் சாமி அறையில் விளக்கேற்றிவிட்டுத்தான் தேநீர் குடித்தேன்.

முர்மெலிகள் முதல் இரண்டு ஆட்டமும் மோசமாகத் தோற்றார்கள். மூன்றாவதில் வென்றார்கள். நாலாவதில் தோற்றார்கள். ஆனால் என்ன சந்தோசம் அந்தப் பிள்ளைகளுக்கு! தோற்ற பிறகும் புல்லில் முழந்தாளிட்டு, கிளம்பிக் கிடந்த மண்கட்டிகளைத் தேடி எடுத்துக் குழிக்குள் வைத்து மிதித்துவிட்டுத்தான் குளிக்கப் போவார்கள். அதைச் சட்டமாக்கியவன் லூக்காஸ், அணித்தலைவன், கண்ணாடி போட்ட ஒல்லிப் பெடியன். ஹெர் ஹூபர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நாலாவது ஆட்டத்துக்குப் பிறகு அவரே ஒரு வாளி மணலும் புல் விதையும் கொண்டுபோய் அவர்களுக்கு நடுவில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஐந்தாவது ஆட்டம் ஒரு ஞாயிறு. பருவத் தொடக்கத்தில் முர்மெலிகளைத் தங்கள் ஊரில் வைத்து ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் அடித்து அனுப்பிய பெரிய அணி வருகிறது. அந்த வார இறுதியில் ஹெர் ஹூபர் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டார். சாவியை என் கையில் தந்து, "மஞ்சள் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

களஞ்சிய அறைத் தட்டில் ஒரு வாளி இருந்தது. மூடியில் மஞ்சள் பூசியிருந்தது. "இருக்கு" என்றேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போய் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை! முந்திய ஆட்டத்துக்குப் பிறகு மூடிகளைக் கழுவிய நான்தான் மாற்றி மூடியிருக்கிறேன். திறந்து பார்க்காமல் மூடியை நம்பியதும் நான்தான். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறக்காது. ஆட்டம் ஒரு மணிக்கு. வெள்ளையால் கீறினால் நிபந்தனை போச்சு. கீறாவிட்டால் ஆட்டம் போச்சு, நடுவர் வந்து இல்லையென்று எழுதிவிடுவார்.

முருகா என்று வாளிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உடனே வீட்டுக்குக் கார் ஓட்டினேன். அடுத்த கிழமைக் கோயில் அன்னதானத்துக்கென்று தவமணி மூன்று கிலோ மஞ்சள் தூள் வாங்கி வைத்திருந்தாள்.

"என்னப்பா, விடியக்காலமை மஞ்சளைத் தூக்கிக்கொண்டு எங்க போறியள்?"

"மைதானத்துக்கு. கோடு கீற."

"விசரோ உங்களுக்கு? சாமிக்கு எண்டு வைச்சது!"

"திங்கக்கிழமை புதுசா வாங்கித் தாறன். பிள்ளையள் விளையாடுறதும் சாமிக்குப் பிடிச்ச அலுவல்தான்."

"உதைச் சாமியிட்ட நீங்களே சொல்லுங்கோ" என்றாள். ஆனால் பையைக் காரில் வைத்தது அவள்தான்.

வாளியிலிருந்த வெள்ளைச் சாயத்தில் மஞ்சள் தூளைக் கொட்டித் தடியால் கலக்கினேன். முதல் சுற்றில் வடிவான மஞ்சள். எனக்கு வந்த பெருமையைக் கேட்காதீர்கள். கட்டி உடையட்டும் என்று இன்னும் கொஞ்சம் கலக்கினேன். மஞ்சள் செம்மஞ்சளாயிற்று. கலக்கக் கலக்கச் செம்மஞ்சள் சிவப்பாயிற்று. கடைசியில் வாளிக்குள் கிடந்தது கலியாண வீட்டு ஆலாத்தித் தண்ணீர்!

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோடு கீறுகிற சாயத்திலும் சுண்ணாம்பின் காரம் இருக்குமென்று இத்தனை வருடம் அதைக் கையில் வைத்திருந்த எனக்குப் புத்தி போகவில்லை. மூன்று கிலோவும் முடிந்தது. நேரம் ஏழரை. வெள்ளை கூடாது என்றுதானே நிபந்தனை, இது வெள்ளை இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியைத் தள்ளத் தொடங்கினேன். இருபத்தொரு கோடும் பச்சைப் புல்லில் சிவப்பாக விழுந்தன. பிழைதான், ஆனால் அவ்வளவு வடிவாக நான் ஒருநாளும் கீறியதில்லை.

அகிலன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றான்.

"அங்கிள், இண்டைக்கு ஆருக்குக் கலியாணம்?"

"வாயை மூடு. நடுவர் வரட்டும்."

"எனக்கு எண்டால் பறவாயில்லை. பொம்பிளை ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

நடுவர் வந்தார். குந்தியிருந்து விரலால் தொட்டார், மணந்தார். "கறி மணக்கிறதே" என்றார். உள்ளதை உள்ளபடி சொன்னேன். "கோடு தெரிய வேண்டும். ஆளுக்குத் தீங்கு இருக்கக் கூடாது. இது தெரிகிறது" என்று எழுந்தார். லூக்காஸ் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அகிலன் வாளியின் அடியில் விரலை விட்டு லூக்காஸின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தான். பிறகு இருபத்திரண்டு பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். பார்க்க வந்திருந்த அகிலனின் மாமிமார் குங்குமம் என்று நினைத்தது இதைத்தான். குங்குமக் கதை பிறந்தது அந்த இடத்தில்.

அந்த ஆட்டத்தைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு பேர் ஐம்பது பேருக்கு முகம் கொடுத்தார்கள். அகிலன் குறுக்கே நின்ற இடத்தால் ஒருவரும் போகவில்லை. மூன்று தரம் சங்கிலி கொண்டுவந்து என் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். மூன்று தரமும் கோடு சரியாக இருந்தது. கடைசி நிமிடம் வரைக்கும் எவர் வெல்வார் என்று தெரியாது. முடிவில் முர்மெலிகள் ஒரு புள்ளியால் தோற்றார்கள். ஆனால் அவர்கள் குதித்த குதியைப் பார்த்தால் வென்றது எவர் என்று தெரியாமல் வழியால் போனவர்கள் குழம்பியிருப்பார்கள். வந்த அணியே வரிசையில் நின்று இவர்களுக்குக் கைதட்டியது.

வந்தவர்கள் போட்டிருந்தது புதுக் காற்சட்டை. பால் வெள்ளை. ஈரம் காயாத கோடுகளில் விழுந்து புரண்டு முழங்காலும் பின்பக்கமும் செம்மஞ்சள் திட்டாகியிருந்தது. அவர்களுடைய உடுப்புக்குப் பொறுப்பான ஃப்ரவ் கெல்லர் என்ற அம்மா, "தோய்த்தால் போகும்" என்று சிரித்துக்கொண்டுதான் மூட்டை கட்டினார். நானும் நம்பினேன்.

திங்கள் காலை தொலைபேசி அடித்தது. ஃப்ரவ் கெல்லரின் குரலில் சிரிப்பு இல்லை. சவர்க்காரத் தூளின் காரம் பட்டதும் கறைபட்ட முப்பத்தொரு காற்சட்டையும் இரத்தச் சிவப்பாகிவிட்டதாம். விளையாட்டுக் குழுவுக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியாயிற்று. வியாழன் மாலை குழு கூடுகிறது.

என்னை ஏசினால் ஏசட்டும். இருபத்திரண்டு பிள்ளைகளின் இடத்தை ஒரு வாளியில் கரைத்துவிட்டேனே என்றுதான் கவலைப்பட்டேன்.

ஒன்பது மணிக்கு ஹெர் ஹூபர் வந்து அப்பிளை எடுத்தார். நான் மூடியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டார். பதினாலு வருடத்தில் அப்பிள் பாதியில் நின்றது அன்றைக்குத்தான்.

"புல்?" என்றார்.

"ஒன்றும் ஆகவில்லை."

"காட்டுங்கள்."

வெளியே போனோம். அங்கேதான் நானும் அதை முதன்முதல் பார்த்தேன். ஞாயிறு முழுக்கவும் அன்று காலையும் நல்ல வெயில். வெயில் பட்ட இடமெல்லாம் கோடு வெளிறி ஏறக்குறைய வெள்ளையாகியிருந்தது. தெற்குப் பக்கத்து மேப்பிள் மரங்களின் நிழல் விழுகிற இடத்தில் மட்டும் அதே கோடு இன்னும் சிவப்பாக இருந்தது. பாதி வெள்ளை, பாதி சிவப்பு. எனக்கு உடனே வீட்டு வேட்டி ஞாபகத்துக்கு வந்தது. மஞ்சள் பட்ட துணியை எங்கள் பெண்கள் என்ன செய்வார்கள்? வெயிலில் போடுவார்கள்.

"ஹெர் ஹூபர், இந்தக் கறையை வெயில் தின்னும்" என்றேன்.

அவர் குந்தியிருந்து நிழலும் வெயிலும் சந்திக்கிற இடத்தில் விரலை வைத்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

"நிச்சயமா?"

"எங்கள் வீட்டில் முப்பது வருடமாக நிச்சயம்."

"வண்டியை எடுங்கள்."

ஒரு மணி நேரம் காரில் ஓடி ஃப்ரவ் கெல்லரின் வாசலில் நின்றோம். அவர் கதவைப் பாதிதான் திறந்தார். ஹெர் ஹூபர் தொப்பியைக் கழற்றி, "மூன்று நாள் தாருங்கள்" என்றார். நாலு பையில் காற்சட்டைகள் வந்தன.

தவமணிக்குத் தொலைபேசி எடுத்தேன். "முதல்ல வினாகிரித் தண்ணியில ஊற வையுங்கோ, சிவப்பு மஞ்சளாத் திரும்பும். பிறகு ஈரத்தோட வெயிலில போடுங்கோ. காய விடாதேங்கோ, தண்ணி தெளிச்சுத் தெளிச்சுத் திருப்பிப் போடுங்கோ" என்றாள். அப்படியே செய்தோம். உதைபந்தாட்டக் கோல் வலைகளிலும் தெற்குப் பார்த்த கம்பி வேலியிலும் முப்பத்தொரு காற்சட்டைகள். நான் பூவாளியால் தண்ணீர் தெளிக்க, ஹெர் ஹூபர் மணிக்கூட்டைப் பார்த்து அரை மணிக்கொரு தரம் ஒவ்வொன்றாகத் திருப்பினார். பாடம் முடிந்து வந்த முர்மெலிகள் நிழல் நகர நகரக் காற்சட்டைகளை வெயிலுக்கு நகர்த்தினார்கள்.

"அங்கிள், நாங்கள் அவங்களைத் துரத்தினது காணாதெண்டு இப்ப அவங்களின்ர காற்சட்டையையும் துரத்திறம்" என்றான் அகிலன்.

செவ்வாய் நல்ல வெயில். பெரும்பாலும் வெளிறிவிட்டது. புதன் விடிய வானம் மூடிக்கொண்டது. அன்று நான் கும்பிட்ட கும்பிடு முருகனுக்குத்தான் தெரியும். மத்தியானம் வரைக்கும் ஒரு கீற்றும் இல்லை. ஒரு மணிக்குப் பிறகு மேகம் விலகியது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஹெர் ஹூபர் வேறு பக்கம் பார்த்தார்.

வியாழன் பின்னேரம் மடித்து அடுக்கினோம். முப்பது காற்சட்டை பால் வெள்ளை. ஒன்றின் முழங்காலில் மட்டும் பெருவிரல் அளவு மங்கல் மஞ்சள். நான் அதை அடியில் வைத்தேன். ஹெர் ஹூபர் அதை உருவி எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"ஏன்?" என்றேன்.

"மோசமானது முதலில்" என்றார்.

குழுவில் ஐந்து பேர். ஃப்ரவ் கெல்லரும் வந்திருந்தார். ஹெர் ஹூபர் அடுக்கை மேசையில் வைத்து, என் வாழ்நாளில் நான் கேட்ட அவருடைய மிக நீண்ட பேச்சைப் பேசினார். "என் ஆள் பிழை விட்டார். மறைக்காமல் சொன்னார். மூன்று நாளில் திருத்தினார். வாளியைத் திறந்து பார்க்காமல் போனது நான். அந்த மாணவர்கள் என் புல்லை என்னைவிடக் கவனமாகப் பார்க்கிறார்கள். இவ்வளவுதான்."

ஃப்ரவ் கெல்லர் மேலே இருந்ததைத் தூக்கிப் பார்த்தார். அடுத்ததைத் தூக்கினார். அதற்கடுத்ததையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "என் மகனின் மேற்சட்டையில் இரண்டு வருடமாக ஒரு கறிக் கறை இருக்கிறது. அதையும் அனுப்பலாமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முறைப்பாட்டுக் கடிதத்தை அவரே கேட்டு வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார்.

குழுத் தலைவி என்னைப் பார்த்து, "இனி மஞ்சள் தூள் போடுவீர்களா?" என்றார்.

"சோற்றுக்கு மட்டும்" என்றேன்.

இடம் கிடைத்தது. பரீட்சார்த்தம் என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். வெளியே காத்திருந்த முர்மெலிகளின் சத்தம் தேவாலய மணியையும் மேவியிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஹெர் ஹூபர் என் முன்னால் வந்து கையை நீட்டி, "வேர்னர்" என்றார். மூத்தவர் ஒருவர் தன் முதற்பெயரைத் தந்து கை கொடுப்பது இந்த நாட்டில் சின்னக் காரியமல்ல. இன்றிலிருந்து நீ எனக்கு நண்பன் என்று அர்த்தம். நான் கையைப் பிடித்தேன். ஆனால் என்னைவிட மூத்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. "சரிதான், ஹெர் ஹூபர்" என்றேன். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நடந்தது இவ்வளவுதான். இதை வாசிக்கிறவர்கள் கோயில் வரிசையில் சொல்லுங்கள், ரயிலில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கொட்டியது குங்குமம் அல்ல, மூன்று கிலோ மஞ்சள் தூள். காற்சட்டை சிவந்தது அம்மனின் கோபத்தால் அல்ல, சவர்க்காரத்தால். புதன்கிழமை ஒரு மணிக்கு வெயில் வந்தது முருகன் செயல். அது என் நம்பிக்கை, அதை மட்டும் நீங்கள் உங்கள் மனதுப்படி வைத்துக்கொள்ளலாம். அன்றைய ஆட்டத்தில் எங்கள் பெடியள் ஒரு புள்ளியால் தோற்றார்கள். தயவுசெய்து அவர்களை வெல்ல வைத்துவிடாதீர்கள். தோற்றுவிட்டுத்தான் அப்படிக் குதித்தார்கள்.